விரலில் மாட்டும் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

2020, 2021 கொரோனா ஆண்டுகளில் கேரளத்தின் மலைப்பகுதிகளில் பரவலாகப் பழகிப்போன மருத்துவக் கருவி, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். அட்டப்பாடியின் ஆதிவாசி ஊர்களுக்கு ஏறிப்போகும் ஆஷா பணியாளரின் பையில் அதைப் பார்க்கலாம். மூணாறு, பீருமேடு, வண்டிப்பெரியாறு தோட்டங்களின் லயங்களில் யாருக்காவது மூச்சு இரைத்தால், பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று விசாரித்து வாங்கி வந்து மாட்டிப் பார்க்கிறார்கள். "லெவல் தொண்ணூத்தெட்டு இருக்கு, பயப்படாதீங்க அக்கா" என்று யாராவது சொன்னதும் வீட்டில் எல்லோர் முகமும் தெளிகிறது. 94-க்குக் கீழே போனால் உடனே ஜீப் பிடிக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த எண்ணை நம்பித்தான் பயணம் முடிவாகிறது. மலையில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்பது சின்ன விஷயம் இல்லை. அட்டப்பாடிக்காரர்களுக்குக் கோட்டத்தறை அரசு ஆதிவாசி மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் போக வேண்டுமானால் முக்காலி மலைப்பாதையில் மண்ணார்க்காட்டுக்கு இறங்கித் திருச்சூர் வரை போக வேண்டும், இல்லையென்றால் ஆனைகட்டி எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூர். குமுளிக்காரர்கள் தேனிக்கோ கோட்டயத்துக்கோ போகிறார்கள். 2010-இல் கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்ட இடமலைக்குடியிலிருந்து, நோயாளியைக் கம்பளியில் கிடத்தி மூங்கிலில் கட்டிக் காட்டுவழியே தூக்கி வந்த செய்திகள் எத்தனையோ முறை வந்துவிட்டன. போவதா வேண்டாமா என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது என்றால், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசியம் நகரவாசியைவிட இவர்களுக்குத்தான் அதிகம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிமீட்டர் ஆக்ஸிஜனை நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது ஒளியை. இன்ன அளவு ஒளி வந்தால் இத்தனை சதவீதம் என்று, எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் வேறு சிலரின் உடலில் சோதித்து எழுதிவைத்த கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எண்ணைச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இந்த மலைக்காரர்களின் உடல் இடம்பெற்றிருக்கிறதா என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

விரலின் ஒரு பக்கம் இரண்டு சின்ன விளக்குகள், மறுபக்கம் ஒளியை உணரும் ஒரு சில்லு. இவ்வளவுதான் கருவி. ஒரு விளக்கு சிவப்பு, அதன் அலைநீளம் 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 நானோமீட்டர். இரண்டும் மாறி மாறி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை எரிந்து அணைகின்றன. நடுவில் இரண்டும் அணைந்திருக்கும் ஒரு கணமும் உண்டு. அறையின் விளக்கு, வெயில் போன்ற வெளி ஒளி எவ்வளவு என்று அப்போது அளந்து கழித்துவிடும்.

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் புரதம் அது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சாமல் விட்டுவிடும், அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்ஸிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் இதற்கு நேர்மாறு. தமனி ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவும் சிரை ரத்தம் கருஞ்சிவப்பாகவும் தெரிவது இதனால்தான். இரண்டு நிற ஒளியும் எந்த விகிதத்தில் விரலைக் கடந்து வருகின்றன என்று பார்த்தால், ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

ஆனால் விரலில் இருப்பது தமனி ரத்தம் மட்டுமா? தோல், சதை, எலும்பு, நகம், சிரை ரத்தம் எல்லாமே ஒளியை உறிஞ்சுகின்றன. இவற்றிலிருந்து தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? பல பத்தாண்டுகள் விடை கிடைக்காமல் கிடந்த இந்தக் கேள்விக்கு வழி கண்டவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். 1970-களின் தொடக்கத்தில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது வேறொரு விஷயம். ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காது மடலைக் கடக்கும் வேகத்தை ஒளியால் அளந்து, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று கணக்கிட முயன்றார். ஒவ்வொரு நாடித்துடிப்பும் அந்த அளவீட்டில் ஓர் அலையைக் கிளப்பித் தொல்லை கொடுத்தது. இன்னொரு நிற ஒளியையும் சேர்த்து அந்த அலையைக் கழித்துவிடப் பார்த்தார். கழிந்தது. ஆனால் மூச்சை அடக்கிச் சோதித்தபோது அலை மறுபடி தலைகாட்டியது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் மாறும்போது கழித்தல் கணக்கு பொருந்தாமல் போகிறது என்று அவருக்குப் புரிந்தது. தொல்லை என்று ஒதுக்க நினைத்த அந்தத் துடிப்பு, தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

துடிப்பது தமனி மட்டும்தான். எலும்பும் தோலும் துடிப்பதில்லை. ஆகவே சில்லுக்கு வரும் ஒளியில் மாறாத பகுதியை ஒதுக்கிவிட்டு, நாடியோடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்தால் போதும். அந்தப் பகுதி மொத்த ஒளியில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றோ இரண்டோதான். அவ்வளவு மெலிந்த ஒரு சைகையிலிருந்து உயிர்காக்கும் எண் ஒன்றை எடுத்தது உயிர்மருத்துவப் பொறியியலின் பெரிய சாதனைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். 1974-இல் அவோயாகி தன் முறையை வெளியிட்டார். 1980-களில் அமெரிக்க நிறுவனங்கள் அதை அறுவை அரங்குக்குக் கொண்டுபோயின. மயக்கமருந்து கொடுக்கும் இடத்தில் இந்தக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் 2008-இல் சொன்னது. அவோயாகி 2020 ஏப்ரலில் மறைந்தார். அவருடைய கருத்தில் பிறந்த கருவியை உலகமே விரலில் மாட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். சிவப்பு ஒளியின் துடிப்புப் பங்கை அகச்சிவப்பின் துடிப்புப் பங்கால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். பாடப்புத்தகங்கள் தரும் தோராயமான சூத்திரம் இது: 110-இலிருந்து, விகிதத்தை 25-ஆல் பெருக்கி வந்ததைக் கழி. விகிதம் 0.5 என்றால் 97.5 சதவீதம். விகிதம் 1 என்றால் 85. கருவி ஆடினாலும் கை நடுங்கினாலும் இரண்டு ஒளியும் ஒரே அளவில் குலுங்குவதால் விகிதம் 1-ஐ நெருங்கும், எண்ணும் 85-ஐ நோக்கிச் சரியும். குளிரில் நடுங்கும் ஒருவருக்கு எண் திடீரென்று விழுந்தால் பதறுவதற்கு முன் கையை நிலையாக வைத்து மறுபடி பார்க்கச் சொல்வது இதனால்தான்.

110, 25 என்ற எண்கள் எந்த இயற்பியல் விதியிலிருந்தும் வந்தவை அல்ல. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, அவர்களுடைய தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்து, கருவியின் விகிதத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென ஓர் அட்டவணை தயாரிக்கிறார்கள். ஏறத்தாழ 70 சதவீதம் வரைதான் தன்னார்வலர்களின் ஆக்ஸிஜனைக் குறைக்க முடியும். அதற்குக் கீழே கருவி காட்டுவது முழுக்க ஊகம். யாரைச் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-இல் தந்த வழிகாட்டுதலின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் சோதிக்க வேண்டும், அதில் இரண்டு பேராவது, அல்லது 15 சதவீதமாவது, கருத்த தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும்.

தோலின் நிறத்தைத் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும் பொருள்தான், அதிலும் சிவப்பை அகச்சிவப்பைவிடக் கூடுதலாக. துடிக்காத பகுதியோடு அதையும் ஒதுக்கிவிடலாம் என்பதே கோட்பாடு. நடைமுறையில் அது முழுசாக ஒதுங்குவதில்லை. கருத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிச் சொல்கிறது என்று 1990-லேயே ஒரு மருத்துவ ஆய்வு எச்சரித்தது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வுதான் உலகை உலுக்கியது. கருவி 92-இலிருந்து 96 வரை காட்டியபோதும், தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்த நேர்வுகளை எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவருக்கு 'தேவையில்லை' என்ற பதில் கிடைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் புதிய வரைவு ஒன்றை முன்வைத்தது. சோதனைக்கு 150 பேராவது வேண்டும், தோல் நிறங்களின் முழு வரிசையும் அவர்களிடம் இருக்க வேண்டும் என்கிறது அது.

இந்த மலைகளின் ஆதிவாசிகளான இருளர், முடுகர், குறும்பர், முதுவர், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளர்கள். இவர்களில் பலருடைய தோல் நிறத்தை எண்ணிப்பாருங்கள். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆக்ஸிமீட்டர் எந்தத் தோலில் சோதிக்கப்பட்டது என்று பெட்டியில் எழுதியிருக்காது. ஆகவே கருத்த நிறம் உள்ளவர்களுக்கு 93, 94 என்று விளிம்பில் நிற்கும் எண்ணை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண் நன்றாக இருந்தும் ஆள் பேசும்போது வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

உயரமும் ஒரு கணக்கு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஆக்ஸிஜனும் அந்த அளவு குறையும். ஆரோக்கியமானவருக்கே கொச்சியில் 98 காட்டும் கருவி அங்கே ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டலாம், அது நோய் இல்லை. ஆனால் ஆக்ஸிஜன் அழுத்தம் குறையக் குறைய ஹீமோகுளோபினின் நிறைவு ஒரே சீராகக் குறைவதில்லை. மேலே மெதுவாக நகர்ந்து, 90-க்குக் கீழே மளமளவென்று சரியும். மலைமேல் நிமோனியா வந்த ஒருவருக்கு அந்தச் சரிவின் விளிம்பு கொஞ்சம் பக்கத்திலேயே இருக்கிறது. சமவெளியில் எழுதிய ஒரே எண்ணை எல்லா உயரத்துக்கும் விதிப்பதைவிட, அந்தந்த ஊரில் ஆரோக்கியமானவர்களின் எண் என்ன என்று அளந்து வைத்திருப்பது நல்லது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையமே செய்துவிடக்கூடிய எளிய ஆய்வு இது.

குளிர் செய்யும் வேலை வேறு. டிசம்பர், ஜனவரி விடியலில் பனியில் நனைந்த செடியில் கைவைத்து நிற்பவரின் விரல் நுனி ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். நூற்றில் ஒன்றாக இருந்த துடிப்பு இன்னும் மெலியும். கருவி வெறும் கோடு காட்டும், அல்லது தப்பான எண்ணைக் காட்டும். கருப்பாகப் பிடித்த மருதாணியும் அடர்ந்த நகப்பூச்சும் ஒளியை மறிக்கக்கூடும். மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்களுக்குக் காது மடலில் மாட்டும் வகையைப் பயன்படுத்துகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படவைப்பது ரத்தசோகை. ஆக்ஸிமீட்டர் சொல்வது சதவீதம். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதுதான் அது. இருக்கிற ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ஒருவருக்கு அந்த ரத்தத்தில் 18 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்ஸிஜன் இருக்கும். 7 கிராம் மட்டும் உள்ள ஒரு கர்ப்பிணிக்கு அதில் சரிபாதிதான். இருவர் விரலிலும் கருவி 99 என்றே காட்டும். 2013-இல் அட்டப்பாடியில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. தாய்மாரின் சத்துக்குறைவும் ரத்தசோகையும் அப்போது பேசப்பட்ட காரணங்களில் முதன்மையானவை. அப்படிப்பட்ட ஊரில் "ஆக்ஸிஜன் நல்லா இருக்கு" என்ற ஒரு சொல் எவ்வளவு பெரிய தவறான ஆறுதலாகிவிடும்! ஹீமோகுளோபினை அளக்க விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துத்தான் ஆக வேண்டும். 2018-இல் தொடங்கிய ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில், அந்த ஒரு துளியில் அளவு சொல்லும் டிஜிட்டல் மீட்டர்கள் அடிமட்டம் வரை போயிருக்கின்றன. ஊசி குத்தாமல், பல நிற ஒளிகளைக் கொண்டே ஹீமோகுளோபினை அளக்கும் ஆய்வுகளும் உலகெங்கும் நடக்கின்றன. தோலின் நிறமும் குளிரும் அங்கேயும் அதே முட்டுக்கட்டைகள்தான்.

கரிப்புகை பற்றியும் ஓர் எச்சரிக்கை. குளிருக்குச் சாத்திய அறையில் கரி அடுப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு பரவும். அது ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டே நிற ஒளியால் பார்க்கும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு அதற்கும் ஆக்ஸிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது. மூச்சுத் திணறி மயங்கிக் கிடப்பவரின் விரலிலும் 98 காட்டும். அங்கே எண்ணைப் பார்க்கவே வேண்டாம். கதவைத் திறந்து ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

அட்டப்பாடிக்கும் நீலகிரிக்கும் பொதுவான இன்னொரு நோய் இந்தக் கருவியை வேறுவிதமாகக் குழப்புகிறது. அரிவாள் செல் நோய். இந்தியாவில் அதை முதலில் பதிவு செய்தது இந்த மலைத்தொடரில்தான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து 1952-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. ஓர் அமினோ அமிலம் மாறியதற்கே இவ்வளவு பாடு. ஆக்ஸிஜன் இறங்கியதும் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்களாக நீள, சிவப்பணு அரிவாளாக வளைகிறது. வளைந்த அணுக்கள் மெல்லிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. எலும்பைத் துளைக்கும் வலி, திரும்பத் திரும்பக் காய்ச்சல், ரத்தசோகை எல்லாம் அதன் விளைவு. குளிரும் நீர் வற்றுவதும் உடல் அலுப்பும் வலியைக் கிளப்பிவிடும். மலைவேலையில் இவை மூன்றும் கூடவே வருகின்றன.

இப்படி மாறிய ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சீக்கிரம் விட்டுவிடும் இயல்புள்ளது. அதனால் நுரையீரல் நன்றாக இருந்தும் ஆக்ஸிமீட்டர் குறைத்துக் காட்டலாம். அதே நேரம் சிவப்பணுக்கள் ஓயாமல் உடைவதால் உடலுக்குள்ளேயே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதைக் கருவி ஆக்ஸிஜன் என்று எண்ணிக் கூட்டிச் சொல்லும். இரண்டு பக்கமும் இழுபடும் இந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? அனுபவமுள்ள மருத்துவர்கள் அந்த நோயாளிக்குச் சாதாரண நாளில் எவ்வளவு இருக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். நலமாக இருக்கும் நாளில் அளந்த எண்ணைச் சிகிச்சை அட்டையில் குறித்துவைத்தால், மோசமான இரவில் அது மருத்துவருக்குப் பெரிய உதவி.

அரிவாள் செல் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகளிலும் பொறியியலுக்கு வேலை இருக்கிறது. கரைதிறன் சோதனை மலிவானது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கரைசலில் விட்டால் கலங்குகிறதா என்று பார்ப்பதுதான் அது. ஆனால் நோயையும், நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பதையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. பிறந்த குழந்தைகளிடம் கருப்பைக் காலத்து ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் முதல் சில மாதங்களில் அது ஏமாற்றவும் செய்யும். துல்லியமாகச் சொல்லும் நிறப்பிரிகைக் கருவிக்கு நல்ல ஆய்வுக்கூடம், தடையில்லாத மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். ஊரிலேயே, வீட்டு வாசலிலேயே, கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் போல ஒரு துளியில் கோடு காட்டிச் சொல்லும் பட்டைகள் இப்போது வந்திருக்கின்றன. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதித்து 2047-க்குள் இந்த நோயை மக்கள்நலப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்க நினைக்கிறது. அத்தனை பேரையும் எட்ட இப்படிப்பட்ட பட்டைகள் இல்லாமல் முடியாது. பெற்றோர் இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதைத் திருமண வயதில் ஒருவருக்கு அவர் மொழியில், அவர் மனம் கோணாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு எந்தக் கருவியும் உதவாது.

தன் மக்களின் உடலில், தன் மக்களின் நோய்க்காகச் சோதித்து ஒரு கருவியை உண்டாக்குவது கேரளத்துக்குப் புதிதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நெருக்கடியான வீடு, தொண்டைப் புண், சரியாக ஆறாத காய்ச்சல். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல் இப்படித்தான் தொடங்கும். சில ஆண்டுகளில் அது இதய வால்வைச் சிதைத்துவிடும். வால்வை மாற்றினால் பிழைக்கலாம். 1970-களில் வெளிநாட்டு வால்வின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாதது. 1974-இல் ஸ்ரீசித்திராவுக்கு வந்த அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், வால்வை இங்கேயே செய்வதென்று முடிவெடுத்தார். பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் தலைமையில் குழு இறங்கியது. சாயும் வட்டு வகை வால்வு அது. உலோக வளையத்துக்குள் ஒரு வட்டு, இதயம் துடிக்கும்போதெல்லாம் சாய்ந்து திறந்து மறுபடி மூடும்.

முதல் மாதிரியில் டைட்டானியத்தைப் பற்றவைத்த இடம் முறிந்தது. அடுத்ததில் செயற்கை நீலக்கல்லால் செய்த வட்டு மிகக் கடினமாக இருந்து டைட்டானியத்தைத் தேய்த்தது. உலோகத்தை மாற்றி மூன்றாவதைச் செய்தார்கள். அதில் நீலக்கல் வட்டே உடைந்தது. நான்காவது மாதிரியில் கோபால்ட் கலப்பு உலோக வளையமும், மிக அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் வட்டும் சேர்ந்தன. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம், ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை முறை திறந்து மூடிப் பல ஆண்டுகள் தாங்குமா என்று இயந்திரத்தில் ஓட்டினார்கள், ஆடுகளின் இதயத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1990 டிசம்பரில்தான் முதல் மனிதருக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களுக்குப் போயிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். மூன்று மாதிரிகள் தோற்ற பிறகும் பணம் கொடுத்து, நேரம் கொடுத்துக் காத்திருந்த நிறுவனத்தை நான் அந்த வால்வுக்குச் சமமாக மதிக்கிறேன். ஆராய்ச்சிக்கு இரண்டு வருடத்தில் விடை கேட்கும் இன்றைய வழக்கத்தில் அந்த நான்காவது மாதிரி பிறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அளவீட்டுக் கருவிகளுக்கும் இத்தகைய பொறுமை தேவை. சென்னை ஐ.ஐ.டி.யின் சுகாதாரத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம் ஆர்ட்சென்ஸ் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. கழுத்துத் தமனி எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை, ஸ்கேன் படம் எதுவும் எடுக்காமல் மீயொலித் துடிப்புகளைக் கொண்டே அது கணக்கிடுகிறது. விறைத்த தமனி எதிர்கால இதயநோயின் முன்னறிவிப்பு. சிறப்பு மருத்துவர் இல்லாத இடத்திலும் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. கஞ்சிக்கோட்டில், வாளையாறு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் வட கோடியில் அட்டப்பாடி. பல வகைத் தோல் நிறங்கள், 1,500 மீட்டர் உயரம், குளிர், ரத்தசோகை, அரிவாள் செல் என்று ஆக்ஸிமீட்டரைத் தடுமாறவைக்கும் எல்லாமே பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடையிலுள்ள மலைகளில் இருக்கின்றன. ஓர் ஆக்ஸிமீட்டரைத் தீரச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இருக்காது. சோதிக்கப்படுபவர்களின் சம்மதம் அவர்கள் மொழியில் கேட்கப்பட வேண்டும், கண்டறிந்தது அவர்களிடமே திரும்பி வர வேண்டும், கருவி முதலில் அவர்களுடைய துணை சுகாதார நிலையத்துக்கே வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஆராய்ச்சியை அந்த ஊர்களின் மூப்பன்மார் திருப்பி அனுப்பினால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன்.

ஆக்ஸிமீட்டர் செய்யும் பெரிய நன்மையையும் சொல்லிவிட வேண்டும். பிறவி இதயக் கோளாறுள்ள சில குழந்தைகள் பிறந்ததும் நன்றாகவே இருப்பார்கள், வீட்டுக்குப் போன சில நாளில் நீலம் பாரித்துவிடுவார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜனை அளந்து ஒப்பிட்டால் அவர்களில் பலரை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். கேரளம் 2017-இல் தொடங்கிய ஹிருத்யம் திட்டத்தில் இப்படிக் கண்டறிந்த பிள்ளைகளைப் பதிவு செய்து இதய அறுவைக்கு அனுப்புகிறார்கள். பிரசவம் முடிந்து ஊர் திரும்பும் தாய்மார், "கொழந்தைக்கு கையிலயும் கால்லயும் பாத்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில் பயன்படுத்தும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு அளக்க வேண்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, அசையாமல் அரை நிமிடத்துக்கு மேல் விட வேண்டும். கருவி காட்டும் நாடித்துடிப்பு, மணிக்கட்டில் கைவைத்து எண்ணும் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு முறை பார்த்த எண்ணைவிட, காலையில் 96, மதியம் 94, சாயங்காலம் 92 என்று இறங்கும் வரிசை அதிகம் பேசும்.

சின்னக் குழந்தைகளின் விரலுக்குப் பெரியவர்களின் கருவி பொருந்தாது. அவர்களுக்கு மூச்சை எண்ணுவதுதான் வழி. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமான மூச்சு. இருமலோடு அப்படி இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே புறப்பட வேண்டும்.